அம்மன்மீது இட்ட வழக்கு

"அம்மன்மீதே வழக்கிட வேண்டுமென்றால், மிளகாயை எந்தக் கல்லில் பூசுவது, அடிகளே?"

சென்னியப்பர் கேட்டார். அவர் கையில் ஒரு முறம். முறம் நிறைய வரமிளகாய்.

துறையடிகள் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இங்கே இருப்பது ஒரே கல்," என்றார்.

மலையடிவாரத்தில், ஓடைத் துறையை ஒட்டி இருக்கிறது முறையம்மன் கோயில். சன்னிதிக்கு எதிரே வெட்டவெளியில், ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கரிய கல். அதற்கு முறைக்கல் என்று பெயர். உள்ளே இருப்பவள் வரம் தருபவள். வெளியே கல்லாய்க் கிடப்பவள் வழக்குக் கேட்பவள். இருவரும் ஒருத்தியே என்பது அவ்வூரார் நம்பிக்கை.

அநீதிக்கு ஆளானவர் அங்கே வந்து வரமிளகாய் அரைப்பார். அரைத்ததைத் தம் கையாலேயே கல்லின்மேல் பூசுவார். தீங்கு செய்தவரின் பெயரை ஊர் கேட்க உரக்கச் சொல்வார். அன்றுமுதல் அந்த எரிச்சல் தீங்கு செய்தவரின் உடம்பில் ஏறும் என்பார்கள். தாங்க மாட்டாமல் அவரே வந்து கல்லைக் கழுவுவார். கழுவினால் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பொருள்.

வழக்கிட்டவரே கழுவினால், இட்டது பொய்வழக்கு என்று பொருள்.

இவ்விருவரும் அல்லாத மூன்றாம் ஆள் அந்த மிளகாயைத் தொடக் கூடாது. ஒரு வழக்கு கல்லின்மேல் இருக்கும்வரை அடுத்த வழக்குக்கு இடமும் இல்லை. இந்த முறை வழுவாமல் காப்பது துறையடிகளின் பணி. துடைப்பம் அவர் கையை விட்டு இறங்கியதில்லை.

சென்னியப்பர் பதினெட்டு ஆண்டுகளாக அவரிடம் பாடம் கேட்பவர். வயதில் அடிகள் எட்டு ஆண்டு இளையவர். ஆயினும் குரு குருவே. விடிந்ததும் சன்னிதியில் நின்று பதிகம் பாடுவது சென்னியப்பரின் தொண்டு. மழையிலும் பாடினார்; காய்ச்சலிலும் பாடினார்; தந்தையார் இறந்த தீட்டுக் கழிந்த மறுநாளும் வந்து பாடினார்.

இன்று பாடவில்லை. மிளகாயோடு வந்திருக்கிறார்.

"குற்றம் என்ன?" என்று கேட்டார் அடிகள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"வழக்கிடுபவர் வாயால் கேட்பது முறை."

சென்னியப்பர் முறத்தைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் நாலைந்து மிளகாய் சிதறின.

"எட்டு மாதத்துக்கு முன் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அன்றுமுதல் நாள் தவறாமல் இந்த அம்மனிடம் வேண்டினேன். நாற்பது நாளாக என் நாச்சாத்தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேளைக்கு இரண்டு கரண்டிக் கஞ்சி, அதுவும் நான் வாயில் வைத்தால். வைத்தியர் நேற்றுச் சொல்லிவிட்டார். கால் விளங்காததால் யாரும் சாவதில்லையாம். உண்ணாததால் அவள் சாவாளாம். தை பிறப்பதைப் பார்க்க மாட்டாளாம்."

அடிகள் துடைப்பத்தை மறு கைக்கு மாற்றினார்.

"வேண்டியது அவள் காதில் விழவில்லை போலும்," என்றார்.

"விழாமல் என்ன? விழுந்தது!"

"உமக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு ஆண்டுகள் பாடியவனுக்குத் தெரியாதா, எதிரே இருப்பவள் கேட்கிறாளா இல்லையா என்று? கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டும் சும்மா இருக்கிறாள். அதுதான் வழக்கு!"

"சரி," என்றார் அடிகள். "அரையும்."

அவ்வளவுதான். தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. குருவின் மீதும் சென்னியப்பருக்குக் கோபம் வந்தது.

கல்லருகே கிடந்த அம்மி முன் அமர்ந்தார். குழவியைப் பிடித்தார். மிளகாய் நொறுங்கியது, விதை தெறித்தது, நெடி எழுந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தார். பூமாலை கட்டிப் பழகிய விரல்கள். முதலில் நகக்கண் எரிந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு முழங்கை வரை. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

அரைத்ததை அள்ளிக் கல்லின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை பூசினார்.

அது செவ்வாய்க்கிழமை. கோயிலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். யார் பெயரைச் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். பதிகம் பாடும் சென்னியப்பருக்கு யார் என்ன தீங்கு செய்திருக்க முடியும்?

அவர் பாடும் குரலிலேயே கத்தினார்.

"என் மனைவியை உயிரோடு பிணமாக்கினாள்! பெயர், முறையம்மன்!"

ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் மறைத்தாள்.

அடிகள் சன்னிதிக்குள் போனார். மணியடித்தார். வழக்கம்போல் தீபம் காட்டினார்.

மறுநாள் காலையில் மாராத்தாள் வந்தாள். ஓடைக்கு அக்கரையில் ஆடு மேய்ப்பவள். அவள் முந்தானை முடிச்சிலும் மிளகாய் இருந்தது. கல்லைப் பார்த்தாள். சிவப்பு காய்ந்து கருஞ்சிவப்பாகியிருந்தது.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, உங்க வழக்கு எப்ப முடியுமுங்க?"

"எதிராளி வந்து கழுவும்போது முடியும்."

"எதிராளி எங்கே இருக்கறாங்க?"

சென்னியப்பர் சன்னிதியைக் காட்டினார்.

மாராத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தம்மா எங்க பாட்டன் காலத்துல இருந்து அந்த இடத்தை விட்டு நகரலீங்க. இனி எந்திரிச்சு வந்து, குடத்தை எடுத்து, ஓடையில மொண்டு... அதுக்குள்ளே என்ற மூணு வெள்ளாட்டையும் களவாண்டவனுங்க தின்னு ஏப்பம் விட்டுருவானுங்க!"

"பொறு."

"ஆடு பொறுக்குமுங்களா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். வரப்புத் தகராறோடு வந்தவர் அவர். "பாடற தொண்டைக்கு மிளகாய் எதுக்குங்க சென்னியப்பரே? அம்மனோட சண்டைன்னா உள்ளே போய்க் காதோட காதாப் போட்டுக்குங்க. எங்க கல்லை விடுங்க."

"கல் உன் பாட்டன் வீட்டுச் சொத்தா?" என்றார் சென்னியப்பர்.

பதினெட்டு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

அன்று பிற்பகல் வரப்புக்காரர் ஒரு குடம் தண்ணீரோடு கல்லை நோக்கி வந்தார். யார் கழுவினால் என்ன, கழுவினால் போதும் என்பது அவர் கணக்கு. குடத்தைச் சாய்க்கும்முன் துடைப்பம் குறுக்கே வந்தது.

"நீர் இட்ட வழக்கா?" என்று கேட்டார் அடிகள்.

"இல்லீங்க சாமி."

"உம்மீது இட்ட வழக்கா?"

"ஐயோ, இல்லீங்க."

"மூன்றாம் ஆள் தொடலாகாது."

"அம்மனுக்கே எரியுதுங்களே சாமி, பாத்துட்டுச் சும்மா இருக்கறதா?"

துடைப்பம் நகரவில்லை. வரப்புக்காரர் குடத்து நீரை அங்கிருந்த செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்திருந்த சென்னியப்பர் அருகே வந்தார்.

"தடுத்தீர்களே, நன்றி."

"உமக்காகத் தடுக்கவில்லை," என்றார் அடிகள்.

மூன்றாம் நாள் வந்தது. கல் அப்படியே இருந்தது. எறும்பும் அதன்மேல் ஏறவில்லை. வழக்கோடு காத்திருப்பவர்கள் ஒன்பது பேர் ஆனார்கள். ஒன்பது பேரும் சென்னியப்பர் முகத்தில் விழிப்பதில்லை என்று வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"வருவாளா?" என்று அடிகளிடம் கேட்டார் சென்னியப்பர்.

அடிகள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"வர மனமில்லையென்றால் நீரே கழுவிவிடலாம்."

"நான் கழுவினால் பொய்வழக்கு என்றாகும்."

"ஆம்."

"அங்கே ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறாள். அது பொய்யா?"

"நான் நீதி சொல்பவன் அல்லன். பெருக்குபவன்."

சென்னியப்பர் பல்லைக் கடித்தார். அங்கிருந்து போய்விட நினைத்தார். போகவில்லை. பிறகு, கேட்கக் கூச்சப்படுபவர் போல் கேட்டார்.

"வழக்கு நடக்கும்போது எதிராளியோடு பேசலாமா, அடிகளே?"

"பேசுகிறீரா?"

"ஓயாமல். கஞ்சி காய்ச்சும்போது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடும்போது, அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது. வாய் திறப்பதில்லை. உள்ளுக்குள்."

"என்ன பேசுகிறீர்?"

"திட்டுகிறேன். 'பார், இன்றைக்கும் இரண்டு கரண்டிதான். பார்த்துக்கொண்டே இரு. நன்றாகப் பார்' என்கிறேன். வேறொன்றும் இல்லை. வெறும் வசவு."

"எட்டு மாதமாகவா?"

"எட்டு மாதமாகப் பாடினேன். இந்த மூன்று நாளாகத்தான் பேசுகிறேன்."

அடிகளின் துடைப்பம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பின் மீண்டும் சருகு கூட்டியது.

"பேசலாம். தடையில்லை," என்றார்.

நான்காம் நாள் மாராத்தாள் பொறுமை இழந்தாள். கோயிலில் கத்திப் பயனில்லை என்று கண்டுகொண்டாள். கோயிலுக்குப் பின்னால் நூறடி தூரத்தில் சென்னியப்பர் வீடு. கதவு திறந்திருந்தது. சென்னியப்பர் பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

முன்கட்டில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி ஒரு முதுகு. எலும்பு எண்ணலாம்.

மாராத்தாள் வாசற்படியில் நின்றாள்.

"நாச்சாக்கா."

முதுகு அசையவில்லை.

"அக்கா, நீங்க செத்துட்டீங்களாமே?"

அசைவில்லை.

"நான் சொல்லலீங்க. உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. செவ்வாக்கிழமை, ஊரே கேக்க. முறைக்கல்லுல மொளகாயப் பூசிட்டு, 'என்ற பொண்டாட்டி பொணம்'னு கத்துனாரு. செத்தது நிசமா இருந்தா எடுத்து முடிச்சுட்டு எங்க கல்லைக் குடுங்க. உசுரோட இருந்தா எந்திரிச்சு வந்து உங்க மனுசனைக் கேளுங்க. என்ற ஆடு போயி ஒரு வாரம் ஆச்சு!"

கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது.

முதுகு அசைந்தது. தோள் திரும்பியது. பிறகு முகம். நாற்பது நாள் சுவர் மட்டுமே பார்த்த முகம்.

"யாரைப் பொணம்னான்?" என்றாள் நாச்சாத்தாள்.

தொண்டை கரகரத்தது. ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது.

பின்கட்டில் அடுப்பு ஊதும் சத்தம் நின்றது. சென்னியப்பர் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். வாசல்நிலையில் அப்படியே நின்றார்.

"நாச்சா! பேசினாயா?"

"பொணம் பேசுமா?"

"நாச்சா, இந்தா, ஒரு வாய்..."

"கீழே வைங்க அதை. பொணத்துக்கு எதுக்குக் கஞ்சி?"

சென்னியப்பர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உனக்காகத்தான் வழக்குப் போட்டேன்."

"கால் யாரோடது?"

"உன்னோடது."

"போனது யாருக்கு?"

"உனக்கு."

"அப்போ வழக்கு யாரோடது? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக் கேட்பது? நீதான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாயே! நாற்பது நாள்! நானும் மனிதன்தானே? பேசிப் பேசிப் பார்த்தேன். சுவர்கூடப் பதில் சொல்லியிருக்கும்!"

"நான் உங்ககூடச் சண்டை போட்டுக் கிடக்கலை," என்றாள் நாச்சாத்தாள்.

"பின்னே?"

"அவகூட."

அவள் தலையை அசைத்துக் கோயிலிருந்த திசையைக் காட்டினாள்.

"எனக்கும் அவளுக்கும் நாப்பது நாளாப் பேச்சுவார்த்தை இல்லை. அவ வெச்ச சோறு எனக்கு வேண்டாம்னு கிடந்தேன். எத்தனை நாள்தான் பாத்துட்டு இருப்பாள்னு பாத்தேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள சண்டை. நீங்க யாரு நடுவுல பூந்து, அவ மேல மொளகாயக் கொட்டிட்டு, என்னையும் பொணமாக்கிட்டு வர்றதுக்கு?"

மாராத்தாள் மெல்லச் சொன்னாள்: "அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நீ சும்மா இருடி. தூக்குங்க என்னை!"

"எங்கே?"

"எங்கேயா? கல்லுக்கு!"

சென்னியப்பர் அவளை முதுகில் சுமந்தார். மெலிந்த கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. விளங்காத கால்கள் இரு பக்கமும் தொங்கின. அவள் கனமே இல்லை. அந்தக் கனமின்மை அவர் கோபத்தை மீண்டும் கிளறியது. கோபத்தில் வேகமாக நடந்தார்.

"மெதுவாப் போங்க. சாமி ஊர்வலமா போகுது? குலுங்குது."

"மெதுவாகத்தான் போகிறேன்."

"போறீங்க. காளை மாதிரிப் போறீங்க. பாடறவருக்கு வாய் எப்படி வந்தது பொணம்னு சொல்ல? வேற வார்த்தையே கிடைக்கலையா? இத்தனை பதிகம் படிச்சு என்ன படிச்சீங்க?"

"கோபத்தில் வந்துவிட்டது."

"எனக்கு வரலையா கோபம்? நான் யாரையாச்சும் பொணம்னேனா?"

நூறடி தூரமும் அவள் வாய் ஓயவில்லை. பின்னால் மாராத்தாள் ஒரு குடத்தோடு வந்தாள்.

கோயில் வாசலில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டவள் கணவன் முதுகில் அமர்ந்து அவரை வைதுகொண்டே வருவதைக் கண்டார்கள்.

"இறக்குங்க," என்றாள்.

கல்லருகே இறக்கினார். அவள் ஒரு கையை ஊன்றி அமர்ந்தாள். விளங்காத கால்களை மறு கையால் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"மாராத்தா, தண்ணி."

அப்போதுதான் சென்னியப்பருக்கு விளங்கியது.

"நாச்சா, தொடாதே! நான் தொட்டாலே பொய்வழக்கு. நீ தொட்டால் முறைகேடு. எதிராளி மட்டும்தான் கழுவலாம். நான்கு நாள் காத்திருக்கிறேன்!"

"நீங்க காத்திருங்க. எனக்கு வேலை இருக்கு."

"அடிகளே! தடுங்கள்!"

துறையடிகள் ஏற்கெனவே வந்துவிட்டார். கல்லுக்கும் நாச்சாத்தாளுக்கும் இடையே துடைப்பம் நீண்டது. வரப்புக்காரரைத் தடுத்த அதே துடைப்பம்.

நாச்சாத்தாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. கூந்தல் அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"தள்ளுங்க," என்றாள். 'சாமி' என்றுகூடச் சொல்லவில்லை.

அடிகள் அவளைப் பார்த்தார்.

துடைப்பத்தை விலக்கினார். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். யாரும் சொல்லாமலே தோளில் கிடந்த துண்டை எடுத்து, சன்னிதியில் நிற்பது போல், இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மாராத்தாள் தண்ணீர் ஊற்றினாள். நாச்சாத்தாள் இரண்டு உள்ளங்கைகளாலும் கல்லைத் தேய்த்தாள். நான்கு நாள் வெயிலில் காய்ந்த மிளகாய் லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டினாள். நெடி கிளம்பியது. காத்திருந்தவர்கள் இருமினார்கள், தும்மினார்கள், மூக்கைப் பொத்தினார்கள்.

அவள் தேய்க்கத் தேய்க்கத் திட்டினாள். கணவனை அல்ல.

"ஏன்டி, ஒருத்தன் பூசினா நாலு நாள் பூசிக்கிட்டே கிடப்பியா? எந்திரிச்சு ஓடையில இறங்கத் தெரியாதா? உனக்குமா கால் விளங்காமப் போச்சு? எரியுதுன்னு ஒரு சத்தம் போட்டா என்ன? வாயில்லையா உனக்கு? நான்தான் பேசலைன்னு கிடந்தேன். உனக்கு என்ன கேடு? நீ வந்து கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிருவே? ஊத்துடி மாராத்தா, நல்லா ஊத்து. இந்தப் பக்கம். இன்னும் போகலை, பாரு."

மூன்று குடம் ஆயிற்று. நான்காம் குடத்தில் கல் கறுத்தது. ஐந்தாவதில் சுத்தமாயிற்று.

நாச்சாத்தாள் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் செக்கச் சிவந்து வீங்கியிருந்தன. ஊதிக்கொண்டாள்.

"எரியுது," என்றாள்.

பிறகு, யாரையோ குற்றம் சொல்பவள் போல்:

"பசிக்குது."

சென்னியப்பர் கேட்டார். காதில் விழுந்தது சரிதானா என்று அவளையே பார்த்தார்.

"பசிக்குதுங்கறேன். நின்னு பாத்தா ஆச்சா? கஞ்சியைக் கொண்டுவராதீங்க. கஞ்சியைப் பாத்தாலே குமட்டுது. சோறு வேணும்."

அடிகள் உள்ளே போனார். தம் பகல் உணவைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சட்டி மோர்ச்சோறு. ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய்.

அவள் கை எரிந்ததால் சென்னியப்பர் பிசைந்து ஊட்டினார். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது இறங்கியது. ஐந்தாவது கவளத்தில் கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது; கவளம் அவள் மூக்கில் இடித்தது.

"வாய் இங்கே இருக்கு," என்றாள் நாச்சாத்தாள்.

சட்டி காலியாகும் வரை உண்டாள். பிறகு கோயில் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் வெயிலைப் பார்த்து இருந்தது.

இதற்குள் மாராத்தாள் அம்மி முன் உட்கார்ந்துவிட்டாள். "விலகுங்க, விலகுங்க, அடுத்தது என்ற முறை," என்று வரப்புக்காரரை முழங்கையால் தள்ளினாள். குழவி உருண்டது.

சென்னியப்பர் சட்டியைக் கழுவிக்கொண்டு அடிகளிடம் வந்தார். நீட்டினார். அடிகள் வாங்கிக்கொண்டார்.

சென்னியப்பர் போகவில்லை.

"அவள் உண்டாள்," என்றார்.

"உண்டாள்."

"ஆனாலும் வழக்கு முடியவில்லை, அடிகளே. கால் அப்படியேதான் கிடக்கிறது."

"கிடக்கிறது."

"நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மனிடம் கேட்டது கால். கேட்டதற்குப் பதில் வரவில்லை. நாளைக்கும் கேட்பேன். சண்டை போட்டுக் கேட்பேன்."

"கேளும்."

சென்னியப்பரின் குரல் உயர்ந்தது. நான்கு நாள் கோபமும் அதில் இருந்தது.

"உங்கள்மீதும் எனக்குக் கோபம். நான் கழுவவில்லை. எதிராளி கழுவவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் ஒருநாளும் மூன்றாம் ஆளை இந்தக் கல்லருகே நீங்கள் விட்டதில்லை. முந்தாநாள்கூட ஒருவரை விரட்டினீர்கள். இன்று என் கண் முன்னால் துடைப்பத்தை விலக்கினீர்கள். மறித்தால் என் வழக்கு நின்றிருக்கும். ஏன் மறிக்கவில்லை?"

அடிகள் ஈரக் கல்லைச் சுற்றித் தேங்கிய நீரைப் பெருக்கித் தள்ளினார்.

"மூன்றாம் ஆள் வந்திருந்தால் மறித்திருப்பேன்," என்றார்.